வெண்புள்ளிக்கு ஊசி என்று மெலனோட்டான் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

மான்செஸ்டர் பக்கம் வெண்புள்ளி உள்ள நம்மவர்கள் யாராவது இருந்தால் கவனம். தோலைக் கறுக்க வைக்கும் டேனிங் கடைகளிலும் ஜிம்களிலும் ‘மெலனோட்டான் 2’ என்று, கரைத்து ஊசியாகப் போடும் ஒரு பொடி கைமாறுகிறது. எனக்கு விற்றவர் சொன்னது: “வெண்புள்ளிக்கே ஆராய்ச்சி செய்த மருந்து. ஐரோப்பா, அமெரிக்கா இரண்டிலும் அனுமதி இருக்கிறது.”

பாதி உண்மை, வில்லங்கமே அதில்தான். அனுமதி பெற்றது அஃபமெலனோடைட், அதாவது முன்பு மெலனோட்டான் 1 என்று சொன்ன மருந்து. ஐரோப்பாவில் 2014, அமெரிக்காவில் 2019. அதுவும் வெளிச்சம் பட்டாலே தோல் எரியும் இ.பி.பி என்ற அபூர்வ நோய்க்கு. 16 மில்லிகிராம் மருந்தை அரிசி அளவு குச்சியாக மருத்துவர்தான் தோலுக்கடியில் வைப்பார். வெண்புள்ளிக்குச் சோதித்தபோதும் அதோடு புற ஊதா ஒளி சிகிச்சையும் சேர்த்தே கொடுத்தார்கள். இவர்கள் விற்பது வேறு மூலக்கூறு. பிரிட்டனில் அதற்கு மருந்து அனுமதியே கிடையாது, விற்பது குற்றம்.

குப்பியில் 10 மி.கி என்று ஒரு ஸ்டிக்கர், கீழே சின்ன எழுத்தில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’. தயாரித்தவர் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. நகத்தால் சுரண்டினால் உள்ளே இன்னொரு ஸ்டிக்கர், அதில் 5 மி.கி! இதில் எதை நம்பி அளவு எடுப்பது?

நானும் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் குப்பென்று சூடேறிச் சிவக்கும், அப்புறம் குமட்டல். “பழகிடும்” என்றார் விற்றவர். சில வாரங்களில் நல்ல தோல் நன்றாகக் கறுத்தது, புள்ளிகள் அப்படியே நின்றன. கையில் முன்பு உற்றுப் பார்த்தால் தெரிந்தவை இப்போது தூரத்திலேயே தெரிகின்றன. முதுகு மச்சங்களும் கறுத்தன. தோல் மருத்துவர் ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் பார்த்துப் படமெடுத்து வைத்திருக்கிறார். மருந்தால் கறுத்த மச்சத்தையும் புற்றாக மாறும் மச்சத்தையும் வெறும் கண்ணால் பிரிப்பது கஷ்டமாம். மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “ஆராய்ச்சிப் பொருளை உடம்பில் போடச் சொன்னது யார்?” என்கிறார் விற்றவர். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து எங்கே குத்த வேண்டும் என்று காட்டியவரே அவர்தான். போதாததற்கு, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே பாதி விலைக்குத் தருகிறாராம்.

ஏற்கனவே போட்டவர்கள் நிறுத்திவிட்டு மச்சங்களை ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) காட்டுங்கள். என்ன போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பக்கவிளைவை பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ-வின் ‘யெல்லோ கார்டு’ புகார்ப் பதிவில் பதியலாம், நான் பதிந்துவிட்டேன். குப்பியை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், ஸ்டிக்கரோடு அப்படியே வைத்திருங்கள்.