36ஆ, 41ஆ?

மச்சானுக்கு ரோலெக்ஸ் மணிக்கூட்டில் ஆசை. இரண்டு மாதிரிகளுக்கிடையில் தடுமாறுகிறான்: எக்ஸ்புளோரர் 36 மில்லிமீற்றர், சப்மரைனர் 41. வட்டத்தின் அகலத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பட்டி கொளுவும் மேல்நுனியிலிருந்து கீழ்நுனி வரையான நீளம்தான் முக்கியம்: முன்னதில் ஏறத்தாழ 43, பின்னதில் 48. அடிமட்டத்தை வைத்து அவன் மணிக்கட்டின் மேற்புறத்தை அளந்தேன், 46தான். சப்மரைனரின் நுனிகள் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

"நிலாவெளியில் கடலுக்குள் இறங்கவேணுமே" என்றான். சப்மரைனர் 300 மீற்றர் ஆழம் தாங்கும் மணிக்கூடுதான், சரி. நீந்துவதற்கு எக்ஸ்புளோரரின் 100 மீற்றரே தாராளம்.

சப்மரைனரில் எனக்குப் பிடித்தது பூட்டு. திருகோணமலை வெயிலில் கை வீங்கினால் 2 மில்லிமீற்றர் படிகளாகப் பட்டியைத் தளர்த்தலாம். மற்றதில் ஒரேயடியாக 5. அதற்காக 41ஐக் கட்டச் சொல்வேனா? மச்சான்தான் இன்னும் கண்ணாடி முன்னால் நிற்கிறான்.