மஞ்சள் ஒட்டும் அட்டை: சமையலறை ஈக்களின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்குமா?

தோட்டப் பொருட்களோடு சேர்த்து விற்கப்படும் மஞ்சள் ஒட்டும் அட்டைகளை, சமையலறையில் பறந்து திரியும் சிறு ஈக்கள் எங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடிப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்தினேன். இந்த அட்டையை மாட்டினால் ஈத்தொல்லை அடியோடு ஒழிந்துவிடும் என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். பிறப்பிடத்தைத் துப்புத்துலக்க ஒரு கருவி வேண்டும் என்பவர்களுக்கோ இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஒழிக்காது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அட்டையில் ஒட்டுவது சிறகு முளைத்த ஈ மட்டுமே. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் ஈரமும் அழுகலும் உள்ள ஏதோ ஓர் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. பழ ஈயை எடுத்துக்கொண்டால், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு ஈயாக வளர அதற்குச் சுமார் 10 நாட்களே போதும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். பிறப்பிடத்தை அப்படியே விட்டுவிட்டு எத்தனை அட்டைகளை மாட்டினாலும், ஒட்டியவற்றுக்கு ஈடாகப் புதியவை வந்துகொண்டேதான் இருக்கும்.

பொருளின் தரத்தில் குறை சொல்வதற்கு அதிகமில்லை. இருபுறமும் உலராத பசை, அதன்மேல் மெழுகுத்தாள், ஓரத்தில் கம்பி கோப்பதற்கு ஒரு துளை, அவ்வளவுதான். நஞ்சோ வாடையோ இல்லை. தாளை முழுவதும் உரித்துவிட்டால் பிடிப்பதற்கே இடமிருக்காது என்பதால், ஒரு விரற்கடை அகலத்துக்குத் தாளை விட்டுவிட்டு மீதியை உரிப்பது நல்லது. விரலில் ஒட்டிய பசை சோப்புக்கு எளிதில் மசியாது. முதலில் சமையல் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது. தீ பிடிக்கும் அபாயம் ஒருபுறமிருக்க, தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை படிந்தாலே பசையின் பிடிப்பு குறைந்துவிடுகிறது.

இதன் பயன் முழுவதும் எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அறையின் நடுவே ஒரே ஓர் அட்டையைத் தொங்கவிட்டால், ஈ இருக்கிறது என்ற ஏற்கெனவே தெரிந்த செய்திதான் கிடைக்கும். பழக்கூடை, பாத்திரம் கழுவும் தொட்டி, குப்பைக்கூடை, வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைக்கும் தட்டு, ஜன்னலோரப் பூந்தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் எனச் சந்தேகத்துக்குரிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றாக, ஒரே நேரத்தில் வைத்து, ஓரத்தில் இடத்தின் பெயரையும் தேதியையும் எழுதிவிட வேண்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் எங்கே அதிகம் ஒட்டியிருக்கிறது என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லோரும் பழக்கூடையைத்தான் குற்றம் சொன்னார்கள். அட்டை குப்பைக்கூடையைக் காட்டியது. பையை வெளியே எடுத்தபோது, கூடையின் அடியில் கசிந்து கெட்டியாகியிருந்த சாற்றில் வெண்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. உட்சுவரில் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் நூல் போன்ற இரண்டு சிறு கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. பழ ஈயின் கூட்டுப்புழு மூச்சுவிடுவது அந்தக் கொம்புகளின் வழியாகத்தான்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, ஒட்டியிருப்பது எந்த ஈ என்பது. இந்தப் பொருளோடு வரும் குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததைப் பெருங்குறையாகவே கருதுகிறேன். கைப்பேசிக் கேமராவை நெருக்கமாக வைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கினாலே போதும். பழுப்பு உடலும் சிவந்த கண்களுமாகச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அது பழ ஈ. கனிந்த பழம், அழுகிய வெங்காயம், கழுவாத பாட்டில், ஈரம் காயாத துடைப்பான் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கொசுவைப் போல நீண்ட கால்களும் கருத்த மெல்லிய உடலும், சிறகில் ஒய் எழுத்தைப் போன்ற நரம்பும் இருந்தால் அது மண்ணிலுள்ள பூஞ்சையைத் தின்று வளரும் ஈ. பூந்தொட்டியின் ஈரமண்தான் அதன் வீடு. சிறகெல்லாம் ரோமம் அடர்ந்து, குட்டி விட்டில்பூச்சியைப் போலத் தெரிவது சாக்கடை ஈ. கழிவுநீர்க் குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பான அழுக்கில் அது வளர்கிறது. பசையில் துடிக்கும்போது இதன் ரோமம் உதிர்ந்துவிடுவதால் அட்டையில் அடையாளம் காண்பது கடினம். சுவரில் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பதே தெளிவு. முதுகு கூனி, விரட்டினால் உடனே பறக்காமல் விறுவிறுவென்று ஓடும் ஈயைப் பார்த்தால், தரைக்கடியில் குழாய் உடைந்து கழிவுநீர் கசிகிறதா என்று ஆளை வைத்துப் பார்ப்பது அவசியம்.

வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரம்பும் இதற்கு உண்டு. மஞ்சள் நிறம் எல்லா ஈக்களையும் ஒரே அளவில் ஈர்ப்பதில்லை. பூந்தொட்டி ஈ அந்த நிறத்தை நாடி வருகிறது. பழ ஈயை இழுப்பது முக்கியமாகப் புளிப்பு வாடை. சாக்கடை ஈயோ நன்றாகப் பறக்கத் தெரியாமல் பிறந்த இடத்தைச் சுற்றியே தத்தித் திரிகிறது. எனவே பாத்திரம் கழுவும் தொட்டியின் அருகே வைத்த அட்டை வெறுமையாக இருப்பதை மட்டும் வைத்துக் குழாயில் குறையில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. அதற்கு, இரவில் பாத்திர வேலை முடிந்தபின் வடிகால் வாயை நன்கு துடைத்து, ஒட்டும் முகம் கீழே இருக்கும்படி அட்டையின் ஒரு துண்டையோ அகலமான ஒட்டுநாடாவையோ, காற்றுப்போக ஓரத்தில் சிறிது இடைவெளி விட்டு, அதன்மேல் பதித்து வைக்கலாம். காலையில் அதன் அடிப்பக்கத்தில் ஈ ஒட்டியிருந்தால், குழாய்க்குள்ளிருந்து மேலே வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நீளத் தூரிகை விட்டு அந்த அழுக்குப் படலத்தைத் தேய்த்தெடுப்பதே அதற்குச் சரியான வைத்தியம். வெந்நீரை மட்டும் ஊற்றினால் படலம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும்.

இன்னொரு குறை, பசையின் வலிமை. பல்லி போன்ற சிற்றுயிர்கள்கூட இதில் சிக்கிக்கொள்ளலாம் என்பதால், சுவரோடு ஒட்டியும் தரையிலும் வைக்காமல், குச்சியிலோ கம்பியிலோ தொங்கவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறிச் சிக்கிவிட்டால் பிய்த்து இழுக்காமல், பசையில் எண்ணெயைத் தடவி மெல்ல விடுவிக்க வேண்டும்.

பிறப்பிடத்தைக் கண்டு சுத்தம் செய்த பிறகும் ஒரு புதிய அட்டையை அதே இடத்தில் 2 வாரங்களுக்கு விட்டுவையுங்கள். வேறெங்காவது தப்பியிருக்கும் கூட்டுப்புழுக்களிலிருந்து வெளிவரும் ஈக்கள் முதல் சில நாட்களில் ஒட்டத்தான் செய்யும். அவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். 2 வாரம் கடந்தும் குறையவில்லையென்றால், இன்னோர் இடமும் இருக்கிறது என்று பொருள். அட்டைகளை மீண்டும் பரப்பிவைத்துத் தேட வேண்டியதுதான்.