எல்.கே.ஜி.யா, இன்னொரு வருஷமா, சிறப்புப் பள்ளியா?

மார்ச் கடைசியில் பிளே ஸ்கூலில் 'கிராஜுவேஷன் டே' வைத்தார்கள். நாலு வயசுப் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கி, அட்டைத் தொப்பி. எங்கள் சின்னவன் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு, மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெடஸ்டல் ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றான். போட்டோவில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், இவன் மட்டும் ஃபேனை. அந்தப் போட்டோ எனக்குப் பிடிக்கும்.

ஆட்டிசம் என்று தெரிந்தது அவனுக்கு மூன்று வயது ஆகுமுன்பே. இப்போது ஜூன் வரப்போகிறது, அடுத்து எங்கே சேர்ப்பது? பெங்களூரில் எங்கள் காக்ஸ் டவுனைச் சுற்றி ரெண்டு மாசம் அலைந்ததில் முன்னால் வந்து நின்றவை நாலு வழிகள். பிளே ஸ்கூலிலேயே இன்னொரு வருஷம், ஷேடோ டீச்சரோடு (வகுப்பில் அவன் கூடவே உட்கார்ந்து உதவுகிறவர்) சாதாரண எல்.கே.ஜி., சிறப்புப் பள்ளி, ரிசோர்ஸ் ரூம் (ஸ்பெஷல் எஜுகேட்டர் தனியாகச் சொல்லித் தரும் அறை) உள்ள சின்னப் பள்ளி. வீட்டிலேயே வைத்துத் தெரபி மட்டும் என்பதும் ஒன்று உண்டு. நான் வேலைக்குப் போகிறவள், அதனால் அதை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டோம்.

இன்னொரு வருஷம் இருக்கட்டும் என்பதுதான் எல்லாரும் சொன்னது. பிளே ஸ்கூல் மேடம் சொன்னார், பீடியாட்ரிஷியன் சொன்னார், ஆம்பூரிலிருந்து வந்த மாமியாரும் "அவசரம் என்னம்மா, பேச்சு வரட்டுமே" என்றார். எங்களுக்கும் அது சுலபம்: பழகிய இடம், பழகிய ஆயாம்மா, ஃபீஸும் குறைவு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும். மே மாசம் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே சின்னவனாக இருப்பான், ஒரு வருஷம் தள்ளினால் அவனுக்கு நல்லதுதான். எங்களுடையவன் ஜூலையில் பிறந்தவன். இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்தாலே 4 வயது 11 மாசம், வகுப்பில் ஏற்கெனவே பெரியவன். இன்னொரு வருஷம் தள்ளினால் ஒன்றாம் வகுப்பில் உட்காரும்போது கிட்டத்தட்ட 8.

இதில் சட்டக் கணக்கு ஒன்றும் இருக்கிறது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். தள்ளாமல் போனால் அவன் 17 வயது 11 மாசத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழைவான். தள்ளினால் 18 தாண்டிய பிறகு. நாலு வயசுக்காரனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கா என்று வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். அந்தக் கூடுதல் வருஷத்தில் என்ன சொல்லித் தரப்போகிறீர்கள் என்று மேடத்திடம் கேட்டேன். "அப்படியே செட்டில் ஆவான்" என்றார். இவ்வளவுதான் பதில் என்றால் அந்த வருஷம் எதற்கு? டாய்லெட் பழக்கம், ஐந்து நிமிஷம் உட்காருவது, பெயர் சொன்னால் திரும்புவது என்று எழுதிக் கொடுத்திருந்தால் நான் யோசித்திருப்பேன்.

அடுத்தது பெரிய பள்ளியில் எல்.கே.ஜி., கூடவே ஷேடோ. முதலில் போன பள்ளியில் விண்ணப்பம் வாங்குமுன்பே "டாய்லெட் ட்ரெய்ண்டா?" என்றார்கள். இரண்டாவது பள்ளியில் "ஸ்பெஷல் கோட்டா முடிந்துவிட்டது" என்று சொல்லி அனுப்பினார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு செக்ஷன் நம்பர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது இடத்தில் சேர்த்துக்கொள்ளத் தயார்தான், ஷேடோ டீச்சர் மட்டும் எங்கள் செலவு. ஒருவர் மாசம் 18,000 கேட்டார், இன்னொருவர் 25,000. பள்ளி ஃபீஸ் அதற்கு மேல். சரி, முதலில் ஒரு வகுப்பைப் பார்க்கிறேன் என்று கேட்டு உட்கார்ந்தேன். ஆப்பிள் படத்துக்கு வண்ணம் அடிக்கும் நேரம். ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஷேடோ உட்கார்ந்து, அவன் கை மேல் தன் கையை வைத்து, கோட்டுக்கு வெளியே போகாமல் அழகாகச் சிவப்பு அடித்தார். கிளாஸ் டீச்சர் "வெரி குட்" என்று ஸ்டார் ஒட்டினார். பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டார் யாருக்கு என்று கேட்கத் தோன்றியது. கிளாஸ் டீச்சர் அந்த முக்கால் மணி நேரத்தில் அவனிடம் நேராகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். ஷேடோ வந்துவிட்டால் அவன் ஷேடோவின் பிள்ளை ஆகிவிடுகிறான். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையை எப்போது எடுப்பீர்கள் என்பதற்குப் பதில் எழுத்தில் இல்லாத இடத்தில் நான் சேர்க்க மாட்டேன்.

சிறப்புப் பள்ளிக்குப் போகும்போது எனக்கு மனசு சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊரில் இதற்கெல்லாம் பழைய இடங்கள் இருக்கின்றன. லிங்கராஜபுரத்தில் ஏ.பி.டி. என்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு 1959-இல் தொடங்கியது, இந்திரா நகரில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி 1980-இல். நான் போய்ப் பார்த்தது வேறொரு சின்ன இடம். ஆறு பிள்ளைகள், சுவரில் அன்றைய வேலைகள் படப் படமாக. டிபன் நேரத்தில் ஒரு பையன் லஞ்ச் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டினான். டீச்சர் எதிரில் நின்றார், ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. நான் மணி பார்த்தேன், நாலு நிமிஷம். 'டக்' என்று மூடி திறந்ததும் அவன் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தான். ஸ்டார் எதுவும் ஒட்டவில்லை. உள்ளே தக்காளி சாதம்.

அந்த நாலு நிமிஷம்தான் எங்களுக்கு அளவுகோல் ஆனது. அப்படியானால் அங்கேயே சேர்த்திருக்கலாமே என்பீர்கள். ரெண்டு காரணம். வேனில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அவனுக்கோ ஹாரன் சத்தமே ஆகாது. இன்னொன்று, அந்த வகுப்பில் பேசுகிற பிள்ளை ஒன்றோ ரெண்டோதான். இவன் சொல்லும் வார்த்தைகளில் பாதி மற்றப் பிள்ளைகளிடம் கேட்டுப் பிடித்தவை.

வார்த்தை என்றதும் மொழி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். குழப்பாதீர்கள், வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்று ஒரு தெரபிஸ்ட் சொல்ல, நாங்களும் மூன்று மாசம் அவனோடு இங்கிலீஷில் மல்லாடினோம். பாட்டி வாயே திறக்கவில்லை. அவனோடு பேசுகிற ஆள் வீட்டில் ஒன்று குறைந்ததுதான் மிச்சம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ரெண்டு மொழி காதில் விழுவதால் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. பிளே ஸ்கூலில் இவன் "ணி" என்றால் தண்ணி என்று புரிந்தது அல்சூரிலிருந்து வரும் ஆயாம்மாவுக்கு மட்டும்தான். அதனால் போன பள்ளியில் எல்லாம் ஆயாம்மாவுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார்கள், ஆனால் இந்த ஊரில் பெரும்பாலும் தெரிந்திருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கையில் இருந்தால், பழைய வரி முறையில் (1961 வருமான வரிச் சட்டத்தில் 80டிடி பிரிவு) வரிக்கான வருமானத்தில் 75,000 ரூபாய் கழிக்கலாம், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிரமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் வரை. யார் ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று சொன்னாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கடைசியில் ரெண்டு தெரு தள்ளியிருக்கும் ரிசோர்ஸ் ரூம் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறோம். கட்டடம் பழசு, விளையாட்டு மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, ஸ்பெஷல் எஜுகேட்டர் மொத்தப் பள்ளிக்கும் ஒருவர்தான். 9 முதல் 12 வரை வகுப்பு, நடுவில் அரை மணி ரிசோர்ஸ் ரூம், மதியம் ஓ.டி.யும் (ஆக்குபேஷனல் தெரபி) ஸ்பீச் தெரபியும் வெளியே. ஷேடோ முதல் பருவத்துக்கு மட்டும், எந்த மாசம் எவ்வளவு நேரம் குறைப்பது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். நடக்குமா என்பது தசரா லீவில் தெரியும். நடக்காவிட்டால் அந்த ஆறு பிள்ளைகள் வகுப்பை மறுபடி போய்ப் பார்ப்போம், இடையில் ஹாரன் பழகுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முதல் நாள் கொடுக்க ஒரு தாள் தயார். "ணி" என்றால் தண்ணி. "கா" என்றால் காக்கா இல்லை, "போதும்" என்று அர்த்தம். காதைப் பொத்தினால் அடம் இல்லை, சத்தம். லஞ்ச் பாக்ஸைத் திறந்து கொடுக்க வேண்டாம், திறப்பான், நேரம் ஆகும்.