மடித்து வைக்கலாம் என்றார், மயில் மடங்கவே இல்லை

போன தீபாவளிக்கு வாசலில் ஒரு விளக்கு மயில் நிறுத்த ஆசைப்பட்டேன். 480 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) போனதுதான் மிச்சம். மயில் இன்னும் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் தோகையை விரித்தபடி நிற்கிறது.

சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டைப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் வரும் ஆசைதான். ஆனால் நாலறை அடுக்குமாடி வீட்டில் பண்டிகை முடிந்ததும் அதை எங்கே வைப்பது? எங்களுக்குக் கண்டதையும் போட்டு வைக்க இருப்பது வீட்டோடு கட்டித் தந்த வெடிகுண்டுப் புகலிட அறை ஒன்றுதான். அரிசி மூட்டை, பயணப்பெட்டிகள், பழைய மின்விசிறி எல்லாம் அதற்குள். கதவின் அகலம் 70 செ.மீ. அதனால்தான் வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்த விளம்பரம் என்னைப் பிடித்துக்கொண்டது: "விசிறி மாதிரி மடியும், 15 செ.மீ. பெட்டிக்குள் அடங்கும்." கூடவே ஒரு வீடியோ. மயில் ஜம்மென்று நிற்கிறது. அடுத்த காட்சியில் பெட்டி மூடியிருக்கிறது. மடிப்பதை மட்டும் காட்டவில்லை. அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை.

முன்பணம் 240 வெள்ளியைப் பேநவ் என்ற மின்பணமாற்றில் அனுப்பினேன். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. விற்றவர் பதினெட்டாம் தேதி இரவுதான் கொண்டுவந்தார். "அக்கா, இன்னும் மூணு வீடு இருக்கு" என்று பறந்ததால் மீதியையும் வாசலிலேயே கொடுத்துவிட்டேன். மடித்துக் காட்டச் சொல்லவில்லை. முழுத் தவறு என்னுடையது.

நிறுத்திப் பார்த்ததும் முதல் சிக்கல். பின்னங்கால்கள் நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. தீயணைப்பு விதிப்படி பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டே ஆகவேண்டும். அளந்தால் ஒரு மீட்டர்கூட மிஞ்சவில்லை. கால்களைக் கழற்றிவிட்டு இரும்புக் கேட்டோடு கட்டினோம்.

மறுநாள் மாலை சாரல் அடித்தது. எட்டு மணிக்கு வீடே இருண்டது. மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்துவிட்டது. மயிலின் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் திரும்ப ஏற முடிந்தது. ஃபிரிட்ஜில் மறுநாளைக்கான ஆட்டிறைச்சி, அடுப்பில் அதிரசம், கையில் டார்ச். பக்கத்து வீட்டு மாமா கப்பல் பட்டறையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். விளக்குச் சரத்தில் ஐபி65 என்ற பாதுகாப்புத் தரக்குறி இருந்தது, அதாவது பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். அதுதான் விளம்பரத்திலும் இருந்தது. ஆனால் தரையில் கிடந்த அடாப்டரில் ஐபி20. அதற்குத் தண்ணீர்ப் பாதுகாப்பு துளியும் கிடையாது. பிளக்கும் இரண்டு ஊசி. அதை ஒரு பயண அடாப்டரில் செருகிக் கொடுத்திருந்தார் விற்றவர். இங்கே விற்கும் அலங்கார விளக்குகளில் பாதுகாப்பு முத்திரை இருக்கவேண்டும். இதில் எங்கே தேடியும் இல்லை.

சரி, பண்டிகை போகட்டும் என்று விட்டேன். அடுத்த வாரம் மடிக்கப் போனபோதுதான் பூதம் கிளம்பியது.

தோகை ஏழு கம்பிகள். எல்லாம் கீழே ஒரே போல்ட்டில் கோத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. கனம், அடுக்கினால் பத்தரை செ.மீ. 15 செ.மீ. பெட்டி என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும். கம்பிமேல் உட்கார்ந்திருக்கும் பல்புகளை மனிதர் கணக்கிலேயே எடுக்கவில்லை. பல்போடு சேர்த்தால் ஒவ்வொன்றும் மூன்று செ.மீ.க்கு மேல். பாதி மூடும்போதே பல்பும் பல்பும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது ஒரு 'டிக்'. அதோடு இடதுபக்கத் தோகை முழுவதும் செத்தது. மாமா போல்ட்டுக்கு அருகில் டேப்பைப் பிரித்துக் காட்டினார். ஒரே முரட்டுச் செம்புக் கம்பி, கேபிள் டையால் இறுக்கிக் கட்டியது. "மடங்குற இடத்துல இதையா போடுவாங்க? பல இழை உள்ள மெல்லிசு வயரைப் போட்டு, கொஞ்சம் தொங்க விட்டிருக்கணும்" என்றார். ஒவ்வொரு இறகுக்கும் தனி வயர் இழுத்து, கழற்றி மாட்டும் இணைப்பான் வைத்திருந்தால் ஒன்று போனாலும் மற்றவை எரிந்திருக்குமாம். இதில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே தொடர்.

விற்றவருக்கு வீடியோ அனுப்பினேன். "அக்கா, நீங்க ஃபோர்ஸ் பண்ணி மடிச்சிருப்பீங்க" என்று ஒரு பதில். பிறகு நீலக் குறி மட்டும். அப்புறம் அதுவும் இல்லை.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போடவேண்டும், வழக்கறிஞர் வேண்டாம், என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் யார்மீது என்று எழுதவேண்டுமே! பேநவ்வில் தெரிந்தது ஒரு செல்லப்பெயர். ரசீது இல்லை, நிறுவனப் பதிவெண் இல்லை, முகவரியும் இல்லை. முன்பணம் கொடுக்கும்போது இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்டிருக்கலாம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நேற்று வேறொரு குழுவில் வேறு பெயரில் ஒரு விளம்பரம் வந்தது. பொங்கல் பானை, இரண்டு பக்கமும் கரும்பு, "மடித்து வைக்கலாம், 15 செ.மீ. பெட்டி." வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். பானை நிற்கிறது. அடுத்த காட்சியில் பெட்டி மூடியிருக்கிறது.