பொரித்த எண்ணெயில் ஓடும் பொயிலர்: சுன்னாகத்து அனுபவம்

2022இல் இலங்கையில் டீசலுக்குத் தவம் கிடந்த நாட்களில்தான், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் உள்ள எங்கள் பழப்பாகு ஆலையின் சிறிய நீராவிப் பொயிலரைப் பொரித்த எண்ணெய்க்கு மாற்றினோம். இன்றும் அதில்தான் ஓடுகிறது. பொயிலருக்கு இந்த எண்ணெயால் பெரிய குறை இல்லை. பாடு பெரும்பாலும் எண்ணெய் பர்னருக்குள், அதாவது அதைத் தூவி எரிக்கும் கருவிக்குள், போவதற்கு முந்தித்தான்.

வெளிநாட்டு ஆலோசனைகள் அநேகமாகக் கனோலா, சோயா எண்ணெயை வைத்துச் சொல்லப்பட்டவை. எங்களுக்கு வடைக் கடைகளிலும் மிக்சர் போடும் வீடுகளிலும் கிடைப்பது பெரும்பாலும் தேங்காயெண்ணெய். அது 24, 25 பாகையிலேயே உறையத் தொடங்கும். மார்கழி, தை விடியலில் யாழ்ப்பாணம் அதைவிடக் குளிரும். குழாய்க்குள் எண்ணெய் கட்டியாகிவிட்டால் பம்பு என்ன செய்யும்? உருகினாலும் டீசலைவிடப் பத்து மடங்கு தடிப்பு. பர்னரின் தூவும் முனையான நொசிலில் பூவாகச் சிதறாது. அதனால் காலையில் டீசலில் மூட்டுவோம். நீராவி வந்ததும் அதையே தாங்கிக்குள் இருக்கும் சுருளில் விட்டு எண்ணெயை உருக்குவோம். பர்னருக்கு முன்னால் ஹீட்டர் 80, 90 பாகைக்கு ஏற்றும். அப்புறம்தான் வால்வை டீசலிலிருந்து எண்ணெய்க்குத் திருப்புவது. மாலையில் அணைக்கும் முன் மறுபடி டீசல் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். இதை மட்டும் யார் கையிலும் நம்பி விடுவதில்லை.

கடைக்காரர் தரும் எண்ணெயில் தண்ணீர், உப்பு, மாத்தூள் எல்லாம் இருக்கும். தண்ணீர் போனால் சுவாலை வெடித்து வெடித்து அணையும். உப்பு இரும்பை அரிக்கும். சூடாக்கி, சில நாள் அடைய விட்டு, அடித்தண்ணீரைத் திறந்துவிட்டு, பிறகு வடிப்போம். பழைய எண்ணெயின் அமிலத்தில் பித்தளைப் பொருத்துகள் பச்சை பூத்தன. இப்போது எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு.

டீசலில் கிலோவுக்கு ஏறத்தாழ 43 மெகாஜூல் வெப்பம், தாவர எண்ணெயில் 37 அளவு. அதே நீராவிக்குக் கூடுதலாக எரிக்க வேண்டும். விலை பேசும்போது இதை மறக்கக்கூடாது. புது எண்ணெய் வாங்கி எரித்தால் கட்டுப்படியாகாது. இலுப்பெண்ணெயும் எரியும்தான், அவ்வளவுக்கு எங்கே போவது? மெதனோலும் கோஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்து பயோடீசலாக்கச் சொன்னார்கள். அது எஞ்சினுக்கு வேண்டிய வேலை; எண்ணெயைச் சூடாக்கினாலே எரித்துவிடும் பொயிலருக்கு வீண் செலவு.

இந்த எண்ணெயில் கந்தகம் மிகக் குறைவு என்பதால் புகைபோக்கியில் அமில அரிப்பு குறைவு. ஆனால் நொசில் கரி பிடிக்கும். சுவாலை இருக்கிறதா என்று பார்க்கும் உணர்கருவியின் கண்ணாடியில் புகை படிந்தால், நெருப்பு அணைந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும்; நெருப்பு எரிந்துகொண்டிருக்கவே பர்னர் தானாக நின்றுவிடும். இரண்டையும் அடிக்கடி துடைக்கிறோம். புகைபோக்கி வெப்பம் வழமையைவிட ஏறினால் பொயிலரின் வெப்பக் குழாய்களில் கரி என்று அர்த்தம், நிறுத்தித் துலக்குவோம்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நல்ல அறுவடை. எண்ணெய் நிறைய வரும், விரத நாட்கள் என்பதால் மீன் பொரித்த கசடும் இருக்காது. மற்ற மாதங்களில் சவர்க்காரம் செய்பவர்களோடு போட்டி போட்டுத்தான் வாங்குகிறோம்.