கூன் போடும் பிள்ளைக்கு எது கைகொடுக்கும்: சிட்-அப்பா, பிளாங்க்கா, முதுகுப் பயிற்சியா?

வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் “நிமிர்ந்து உட்கார்” என்ற அதட்டல் ஓயவே ஓயாது. சொன்னதும் நிமிர்வார்கள், கொஞ்ச நேரத்தில் தோள் பழையபடி முன்னால் வந்துவிடும். அது திமிர் இல்லை. பெண் பிள்ளைகள் சுமார் 11, 12 வயதிலும் பையன்கள் 13, 14 வயதிலும் மளமளவென்று உயரும்போது எலும்பு முந்திக்கொள்கிறது. அந்த உயரத்தைத் தாங்கும் தசைபலம் பின்னால்தான் வந்து சேர்கிறது.

இதற்கு உடலின் நடுப்பகுதிக்கான கோர் பயிற்சிதான் மருந்து என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பாதி சரி. உட்காரும்போது இடுப்பு பின்பக்கம் சரிந்தால் கீழ்முதுகு வளைகிறது, அதன்மேல் நிற்கும் மார்புக்கூடு குவிகிறது, கண் நேரே பார்க்க வேண்டுமே என்று கழுத்து முன்னால் நீள்கிறது. ஆக, தோளின் கோணல் இடுப்பிலேயே தொடங்கிவிடலாம். வயிற்றையும் இடுப்பையும் சுற்றியுள்ள தசைகள் அயராமல் பிடித்தால் மேலே இருப்பதற்கு அடித்தளம் கிடைக்கும். ஆனால் தோளைப் பின்னால் இழுத்து வைப்பது அந்தத் தசைகளின் வேலை இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

மல்லாந்து படுத்து எழுந்து உட்காரும் சிட்-அப்பை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். அது முக்கியமாக வேலை வாங்கும் நேர்வயிற்றுத் தசை, கீழே இடுப்பெலும்பிலும் மேலே 5 முதல் 7 வரையுள்ள விலா எலும்புகளின் குருத்தெலும்பிலும் ஒட்டியிருக்கிறது. சுருங்கும்போது மார்புக்கூட்டை இடுப்பை நோக்கி இழுக்கும். ஏற்கெனவே நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பிள்ளைக்கு, அதே குனிவை இன்னும் நூறு முறை பழக்குவானேன்? அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும்கூடத் தங்கள் உடற்தகுதித் தேர்வில் இந்த வகை வயிற்றுப் பயிற்சியை எடுத்துவிட்டு, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராகப் பிடிக்கும் பிளாங்க்கை வைத்துவிட்டன.

பிளாங்க் நல்லது, ஒழுங்காகச் செய்தால். இந்த வயதுப் பையன்கள் செய்வதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: அரை நிமிடம் தாண்டியதும் தலை தொங்கும், இடுப்பு தரையை நோக்கி இறங்கும், இரண்டு தோள்பட்டை எலும்புகளும் முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும். இப்படி இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்து என்ன பயன்? முழங்கையால் தரையைத் தள்ளி, எலும்பு துருத்தாமல் 10 விநாடி நின்று, இறங்கி, மறுபடி ஏறுவது எவ்வளவோ மேல். அப்போது தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிக்கும் தசையும் வேலை செய்கிறது. பிளாங்க் தோளுக்கு உதவுவது அங்கேதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது பேர்ட் டாக். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் இது ஒன்று. ஒரு பக்கமாகத் திரும்பி ஒரு முழங்கையில் தாங்கி நிற்கும் பக்கவாட்டுப் பிளாங்க் இன்னொன்று. பேர்ட் டாக்குக்குக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்ட வேண்டும், அப்புறம் மாற்ற வேண்டும். கீழ்முதுகில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். நோட்டு சரிந்தால் இடுப்பு திரும்பிவிட்டது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும், நாம் கத்த வேண்டியதில்லை.

ஆனாலும் வளைந்த தோளுக்கு நேரடிப் பயிற்சி முதுகுப் பக்கம்தான். செக் மருத்துவர் விளாதிமிர் யாண்டா விவரித்த கோலம் இது: நெஞ்சுத் தசையும் கழுத்தின் பின்பகுதியும் இறுகிக் கிடக்கும், கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகளும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கீழும் உள்ள தசைகளும் சோர்ந்து கிடக்கும். சோர்ந்ததை எழுப்ப, உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி முழங்கைகளைப் பின்னால் இழுக்கலாம். செலவே வேண்டாம் என்றால் குப்புறப் படுத்து, கைகளைப் பின்னால் நீட்டி, நெஞ்சை மட்டும் தரையிலிருந்து தூக்கலாம், சலபாசனத்தின் பாதி மாதிரி. பார்வை தரையில் இருக்கட்டும், அண்ணாந்தால் சுமை கழுத்துக்குப் போய்விடும். புஜங்காசனமும் நல்லதுதான், ஆனால் கையை ஊன்றித் தள்ளும்போது மேல்முதுகு சும்மா இருந்துவிட, கீழ்முதுகே வளைந்து கொடுக்கிறது.

தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கக் கடையில் விற்கும் போஸ்சர் பெல்ட்டை வாங்காதீர்கள். மாட்டியிருக்கும்வரை நினைவூட்டும், பலத்தைக் கூட்டாது.

இரண்டு விஷயம் இந்தப் பயிற்சிகளுக்கு அப்பாற்பட்டவை. படுத்தாலும் பின்னால் வளைந்தாலும் நிமிராத கூன், முள்ளெலும்பே ஆப்பு வடிவமாகும் ஷாய்யர்மான் நோயாக இருக்கலாம். குனிந்து பாதத்தைத் தொடும்போது முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் எலும்பு மருத்துவர்தான். இன்னொன்று, பல பெண் பிள்ளைகள் வளரும் மார்பை மறைக்கவே தோளைக் குறுக்குகிறார்கள். அவர்களிடம் அதட்டல் எடுபடாது. அளவு சரியான உள்ளாடையும் அம்மாவோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பேச்சும்தான் அங்கே வேண்டும்.

5 முதல் 17 வயதுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு, அதில் வாரம் 3 நாளாவது தசை, எலும்பு வலுவாகும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 3 நாளில் கால் மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், நான் 5 நிமிடத்தை பேர்ட் டாக்குக்கும் பக்கவாட்டுப் பிளாங்க்குக்கும் கொடுத்துவிட்டு, மீதி 10 நிமிடத்தையும் பேண்டு இழுப்பதற்கும் நெஞ்சைத் தூக்குவதற்கும் கொடுப்பேன். தேர்வுக் காலத்தில் அதிலும் பாதிதான் முடியும் என்றால், முதுகுப் பயிற்சியை மட்டும் விட மாட்டேன்.