நிலம் மாறும் விதத்தை வாசிக்கப் பழக்கும் அட்டைகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். புவியியல் பாடத்தை வரி மாறாமல் ஒப்பிப்பார்கள். அதே விஷயத்தை வேறு பத்தியாக எழுதிக் கொடுத்தால் எது காரணம், எது விளைவு என்று பிரிக்கத் தெரியாமல் நிற்பார்கள். அதற்காகவே இந்த வாசிப்பு அட்டைத் தொகுப்பை வாங்கினேன். புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் கிடைத்தது. 24 அட்டைகள், 360 ரூபாய். முன்பக்கம் ஒரு பத்தி, பின்பக்கம் கேள்விகளும் நிரப்ப வேண்டிய கட்டங்களும். விவரிப்பு, வரிசைமுறை, ஒப்பீடு, காரணம்-விளைவு, சிக்கல்-தீர்வு என்று ஐந்து அமைப்புகள். எல்லாப் பத்திகளும் பூமியின் மேற்பரப்பை மாற்றும் ஆற்றல்களைப் பற்றியவை.

எந்த ஆற்றலுக்கு எந்த அமைப்பு பொருந்தும் என்று நன்றாக யோசித்திருக்கிறார்கள். ஆறு அரித்து, கடத்தி, படியவைப்பது வரிசைமுறையில் வருகிறது. மடிப்பு மலையும் எரிமலையும் ஒப்பீட்டில். சுனாமி காரணம்-விளைவில்.

அந்தச் சுனாமி அட்டைக்கே கொடுத்த காசு சரியாகப் போய்விட்டது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே, பூமியின் மேலோடான பெரும் பாறைத் தட்டுகளில் ஒன்றின் கீழ் இன்னொன்று சரிந்து போகும் இடத்தில், சிக்கியிருந்த விளிம்பு விடுபடுகிறது. கடல் தரை எழும்புகிறது, மேலே இருந்த தண்ணீர் மொத்தமும் தூக்கப்படுகிறது, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வருகிறது. பின்பக்கக் கட்டங்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி நிரப்பச் சொல்கிறார்கள்: அலை ஏன் வந்தது, தண்ணீர் ஏன் எழும்பியது, தரை ஏன் அசைந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பையன் அதை நிரப்பி முடித்துவிட்டு, "அலை வந்தது வரைக்கும் பாட்டி சொல்லியிருக்காங்க டீச்சர், ஏன் வந்துச்சுன்னு இதுலதான் பார்க்கிறேன்" என்றான்.

ஆனால் ஏழாவது அட்டையை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். காற்றும் மழையும் பாறையை உடைத்து அடித்துச் செல்வதுதான் வானிலைச் சிதைவு என்று அச்சிட்டிருக்கிறார்கள். தவறு. பாறை இருந்த இடத்திலேயே உடைந்தும் கரைந்தும் தளர்வது சிதைவு. அதை நீரோ காற்றோ பெயர்த்து எடுத்துப் போனால் அரிப்பு. ஒப்பீடு பழக்குவதற்கென்றே போட்ட அட்டையில் ஒப்பிட வேண்டிய இரண்டையும் கலந்துவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? என் தொகுப்பில் அந்த வரியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டித் திருத்தி எழுதிவிட்டேன்.

அடையாளச் சொற்களின் பட்டியலும் அரைகுறை. "ஏனெனில்", "ஆகவே", "இதன் விளைவாக" இவற்றைத் தேடச் சொல்கிறார்கள். தமிழில் நாம் எழுதும்போது காரணம் பெரும்பாலும் தனிச்சொல்லாக வராது. "வெள்ளம் வேகம் குறைந்ததால் மணல் படிந்தது" என்பதில் அது வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கவனிக்கப் பழக்காவிட்டால் நல்ல தமிழ்ப் பத்தியில் பிள்ளைக்கு ஒன்றுமே அகப்படாது.

அப்புறம், உதாரணங்கள். கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன் இருக்கட்டும், ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் ஆழப் பள்ளத்தைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் சிக்கல்-தீர்வுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரிக் கடற்கரை இருக்கிறதே! அதற்கு நானே ஒரு அட்டை எழுதினேன். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது; வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது. பாறாங்கல் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே மீனவர் குப்பங்களுக்குத் தள்ளிப்போனது. பிறகு 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். அங்கே மணல் மறுபடி சேர ஆரம்பித்தது. இந்தப் பத்தியில் ஒரு தீர்வு அடுத்த சிக்கலுக்குக் காரணமாகிறது. அதாவது ஒரே பத்திக்குள் இரண்டு அமைப்புகள். உண்மையான எழுத்து இப்படித்தான் கலந்து வரும். தொகுப்பில் இப்படிக் கலந்த பத்தி ஒன்றுகூட இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

திருவக்கரை கல்மரங்களையும் விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்கள் அவை. மரம் இருந்த இடத்தில் சிறுகச் சிறுக சிலிக்கா என்னும் கனிமம் புகுந்து கல்லாகிவிட்டது. வரிசைமுறை பழக்க இதைவிட நல்லது கிடைக்காது, நேரில் போய்த் தொடவும் முடியும்.

அட்டை கனமானது, எழுத்து பெரியது. பின்பக்கம் பென்சிலால் எழுதி அழிக்கலாம், பேனா வேண்டாம். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே வாங்காதீர்கள், பத்திகள் நீளம். ஆறு, ஏழு, எட்டுக்கு வாங்கலாம். ஆனால் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். ஏழாவது அட்டையை முதலில் திருத்திவிட்டுக் கொடுங்கள்.